தறி நின்றால் விழித்துக்கொள்பவள்

கையை விட்டு நழுவிய, பால் காய்ச்சும் போசியின் மூடி இன்னும் தரையைத் தொடவில்லை, அடுப்பு மேடைக்கும் தரைக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது, தமயந்தி குனிகிறாள், முழங்காலை மடக்குகிறாள், இடது கையால் வயிற்றோடு சேர்த்து நைட்டித் துணிக்குள் அதை வாங்கி அணைத்துக்கொள்கிறாள், எவர்சில்வர் சூடு அடிவயிற்றில் சுருக்கென்று இறங்குகிறது, இறங்கட்டும், விழவில்லை, சத்தம் வரவில்லை, ஹாலில் தரையில் விரித்த மெத்தையில் பாப்பா வாயைச் சற்றே திறந்துகொண்டு தூங்கிக்கொண்டே இருக்கிறாள், சமையலறை வாசலில் வந்து நின்ற மாமனார் சென்னியப்பன் கண்ணை மூடி, நெஞ்சில் கையை வைத்து, ஒரு பஸ்ஸே பள்ளத்தில் விழாமல் தப்பித்துவிட்டது போல மூச்சு விட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார், அவளும் சிரிக்கிறாள், சிரிக்கத்தான் வேண்டும், விழுந்திருந்தால் பாப்பா எழுந்துவிடுவாளே என்று அவர் பயந்தார், விழுந்தும் எழுந்திருக்காமல் கிடந்துவிட்டால் என்ற பயம் இவளுக்கு, ஐந்து மாதமாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் இரண்டு பயத்தோடு ஒரே மாதிரி அடிவைத்து நடந்துகொண்டிருக்கிறார்கள்.

முப்பத்திரண்டு வருஷம் பவானி டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் சென்னியப்பன், பின்படியில் நின்று குரல் கொடுத்தால் முன்சீட்டில் குறட்டை விடுகிறவன் எழுந்து இறங்கிவிடுவான், அப்படிப்பட்ட தொண்டை ஈரோட்டின் இந்த அடுக்குக் குடியிருப்பில், முதல் மாடியில், இப்போது கிசுகிசுக்கிறது, மாமியார் இவள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் பேத்தியின் தூக்கத்தை அவரே முழுப் பொறுப்பாக எடுத்துக்கொண்டார், எடுத்துக்கொண்டார் என்றால் சும்மா இல்லை, பாப்பா வீட்டுக்கு வந்த மறுநாளே காலிங் பெல் ஒயரைப் பிடுங்கினார், கதவுத் தாழ்ப்பாளுக்குப் பழைய பனியன் துணியைச் சுற்றினார், நாற்காலிக் கால்களுக்கெல்லாம் சாக்ஸ் போட்டார், ஃபேன் முனகுகிறது என்று ஏணி போட்டு எண்ணெய் விட்டார், தொட்டில் கொக்கி கிறீச்சிடுகிறது என்று தொட்டிலையே அவிழ்த்துவிட்டுத் தரையில் மெத்தை விரித்தார், குக்கர் விசில் கூடாது, சோறு வடிச்சட்டியில்தான், சட்னி அரைக்க வேண்டுமானால் மிக்ஸியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டும், கீழே கீரைக்காரம்மாவிடம் போய், அம்மிணி, பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் இந்தப் பக்கம் கூவாம வந்துட்டுப் போ, யாருக்கு வேணுமோ நானே எட்டிப் பார்த்துச் சொல்றேன் என்று கேட்டுக்கொண்டார், தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கி சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் போய்த் தும்மிவிட்டு வருகிறார், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் மகன் பூபதி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறான், திருடன்கூட நம்ம வீட்டுக்கு இவ்வளவு மரியாதையா வரமாட்டான் தமயந்தி என்று அவள் காதோரம் சொல்லிச் சிரிக்கிறான், வந்துபோகிறவர்கள் எல்லாரும் மெத்தையை எட்டிப் பார்த்துவிட்டு, என்ன சமத்துப் புள்ள, போட்டது போட்டபடி தூங்குது என்கிறார்கள், சென்னியப்பனுக்குத் தன்னைப் பாராட்டியது போல முகம் மலர்ந்துவிடுகிறது.

சமத்துப் புள்ள என்ற சொல் காதில் விழுந்தால் தமயந்தி அடுப்படிக்குள் போய்விடுகிறாள், அந்தச் சொல்லோடுதான் அவள் வளர்ந்தாள், அது அவளைச் சொன்னதல்ல, தங்கையைச் சொன்னது, ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சீட்டைச் சொல்லவேண்டும், பிரசவம் ஆன மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சின்ன மிஷினோடு வந்து பாப்பாவின் காதில் மொச்சைக்கொட்டை அளவு ஏதோ ஒன்றைச் செருகிப் பார்த்தாள், இந்தக் காது, அந்தக் காது, மறுபடி இந்தக் காது, பூபதி கீழே மருந்து வாங்கப் போயிருந்தான், மாமா வராந்தாவில் யாரையோ செருப்பைத் தேய்க்காமல் நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், இப்ப ரெண்டு காதுமே மிஷின்ல சரியா எடுக்கலைங்க, உள்ள தண்ணி நின்னாலும் இப்படிக் காட்டும், நெறையப் பேருக்கு அப்புறம் சரியாயிரும், ஒரு மாசத்துல மறுபடி கொண்டாந்து காட்டிருங்க, மறந்துராதீங்க என்று அந்தப் பெண் நல்ல விதமாகத்தான் சொன்னாள், சொல்லி ஒரு சீட்டும் கொடுத்தாள், தமயந்தி அதை நான்காக மடித்தாள், வீட்டுக்கு வந்ததும் பீரோவில் முகூர்த்தப் பட்டுக்கு அடியில் வைத்தாள், மறக்கவில்லை, ஒரு நாள்கூட மறக்கவில்லை, தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் அந்த வராந்தாவுக்குத் திரும்பாமல் சுற்றிக்கொண்டு போனாள், ஒரு மாதம் என்பது ஐந்து மாதமாகிவிட்டது, பாப்பா முழித்திருக்கும்போது ஒரு தடவை பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தாள், பாப்பா திரும்பினாள், திரும்பினாளா, இல்லை அந்த நேரத்தில் ஜன்னல் திரை அசைந்ததே அதைப் பார்த்தாளா, இரண்டாம் தடவை தட்டுவதற்குக் கையைத் தூக்கியவள் தட்டாமலே இறக்கிவிட்டாள், அதற்கப்புறம் எப்போதும் பாப்பாவின் முன்னால் வந்து, முகத்தைக் காட்டித்தான் கூப்பிடுகிறாள், மாமா காக்கும் இந்த அமைதி ஒருவகையில் அவளுக்கு வசதியாகப் போய்விட்டது, சத்தமே இல்லாத வீட்டில் குழந்தை தூங்கினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் இல்லையா.

சத்தம் மட்டுமே இருந்த வீட்டிலும் யாரும் எதுவும் கேட்கவில்லை, அது குமாரபாளையத்தில், தறிப்பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர், அந்தப் பக்கம் ஆறு விசைத்தறி, டடக் டடக் டடக் என்று நூல் சுற்றிய நாடா அங்கும் இங்கும் அடித்துக்கொண்டே இருக்கும், விடியற்காலை தொடங்கினால் கரண்டு போகிற வரைக்கும் ஓயாது, சுவர் ஆடும், தண்ணீர்க் குடத்தில் வட்டம் வட்டமாகச் சுழி விழும், சாமி படம் தினமும் கோணிக்கொள்ளும், அம்மா தினமும் நிமிர்த்துவாள், அந்த வீட்டில் யாரும் வாயால் பேசிக்கொள்வதில்லை, பேசினால் கேட்காது, இரண்டு விரலைக் கோத்து வெடுக்கென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது, மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார், உள்ளங்கையை நெஞ்சில் தட்டினால் தறி ஓடுகிறது, கையை எடுத்து விரித்துக் காட்டினால் நின்றுவிட்டது, அம்மாவும் அப்பாவும் தறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு கண்ணாலும் உதட்டாலும் கையாலுமே சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிடுவார்கள், அந்தச் சத்தத்துக்கு நடுவே, பட்டறைச் சுவரில் பதித்த உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில், வசுமதி தூங்கினாள், தமயந்திக்கு அப்போது ஐந்து வயது, தொட்டிலை ஆட்டுவது அவள் வேலை, ஆட்டவே தேவையில்லை, தறி ஆட்டிவிடும், இந்தச் சத்தத்துலயும் எப்படித் தூங்குது பாரு, இதுவல்லவா சமத்துப் புள்ள என்று தறிக்கு வருகிற பெண்கள் உதட்டசைத்துப் போனார்கள், கரண்டு போய்த் தறி நின்றால்தான் வசு விழித்துக்கொள்வாள், விழித்து வீல் என்று அழுவாள், தறி நின்னாத் தெரிஞ்சுக்குது, எம் மவளுக்குப் பாம்புச் செவி என்று அம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள், சத்தம் நின்றதாலா, இல்லை தொட்டில் அதிர்வது நின்றதாலா என்று யாருக்கும் தோன்றவில்லை, எப்படித் தோன்றும், அந்த வீட்டில் சத்தமும் அதிர்வும் ஒன்றாகவே பிறந்து ஒன்றாகவே நின்றன.

கூலி உயர்வு கேட்டு ஊர் முழுக்கத் தறியை நிறுத்திய பதினெட்டு நாள் வந்தது, வசுவுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது, தமயந்திக்கு ஏழு, குமாரபாளையத்தில் அப்போதுதான் காக்கை கத்துவதே கேட்டது, அம்மாவும் அப்பாவும் கூட்டத்துக்குப் போய்விட்டார்கள், இரண்டு பேரும் பட்டறைக்குள் ஒளிந்து விளையாடுகிறார்கள், வசு சுவரைப் பார்த்து உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள், தமயந்தி பின்னால் போய் வசு என்கிறாள், வசு திரும்பவில்லை, வசூ என்று கத்துகிறாள், திரும்பவில்லை, தகரத்தை எடுத்துத் தறிக்காலில் அடிக்கிறாள், பட்டறை முழுக்க அந்தச் சத்தம் சுற்றி வந்து அடங்குகிறது, தங்கையின் பிடரியில் ஒரு முடிகூட அசையவில்லை, கட்டையின் மேல் கட்டையை வைத்து அழகு பார்த்துக்கொண்டிருக்கிறாள், தமயந்தி தகரத்தைத் தறிக்கு அடியில் ஒளித்துவைத்தாள், ஏனென்றால் அதற்கு ஆறு மாதம் முன்னால் தொட்டிலை வேகமாக ஆட்டப்போய் வசுவைக் கீழே விழவைத்தது அவள்தான், அம்மாவுக்குத் தெரியாமல் தூக்கித் துடைத்து மறுபடி போட்டவளும் அவள்தான், நான்தான் உடைத்துவிட்டேன், தங்கச்சியின் காதை நான்தான் உடைத்துவிட்டேன், சொன்னால் அம்மா கொன்றுவிடுவாள், அவள் சொல்லவில்லை, பத்தொன்பதாம் நாள் தறி ஓடத் தொடங்கியது, கையாலும் உதட்டாலும் பேசுகிற வீட்டில் வசுவைப் போலச் சூட்டிகையான பிள்ளை யாரும் இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொண்டாள், இன்னும் ஒன்றரை வருஷம் கழித்துப் பால்வாடி டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்புகிற வரைக்கும்.

பிறவியிலேயே இப்படித்தான், கீழே விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னபோது அந்தப் பாரம் இறங்கியது, ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த காது கேளாதோர் பள்ளி டீச்சர் வேறொன்று சொன்னார், என்னங்கம்மா, ஒரு ரெண்டு வருஷம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமே, பேச்சு நல்லா வந்திருக்குமே என்றார், அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள், சுவரோரம் நின்ற தமயந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த இரண்டு வருஷத்தில் ஒன்றரை வருஷம் தன் பாவாடைப் பையில் இருக்கிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும். அப்புறம் வெகுநாள் கழித்து, பூபதி வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, வந்தவர்களில் ஒரு பெரியம்மா வசுவைப் பார்த்துவிட்டு, சின்னவளுக்குப் பொறவியிலயேங்களா என்று கேட்க, அம்மா கண் இமைக்காமல், இல்லீங்க, ஒரு வயசுல கடுங்காய்ச்சல், அதுல போயிருச்சு என்றாள், பிறவியிலேயே என்றால் மூத்தவள் பிள்ளைக்கும் வருமோ என்று பின்வாங்கிவிடுவார்களே, காப்பித் தட்டைப் பிடித்தபடி நின்ற தமயந்தி திரும்பிப் பார்த்தாள், வாசற்படியில் வசு நின்றிருந்தாள், அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர்கள் எல்லாரும் சந்தோஷமாகக் கிளம்பிப் போனபின் வசு அக்காவின் தோளைத் தொட்டு, கைகளால் கேட்டாள், எனக்கு எப்போது காய்ச்சல் வந்தது, தமயந்தி பூ உதிர்ந்து கிடந்த பாயைச் சுருட்டப் போய்விட்டாள், அந்தக் காய்ச்சல்தான் இன்று முகூர்த்தப் பட்டுக்கு அடியில் நான்காக மடித்துக் கிடக்கிறது, சீட்டை எடுத்தால் காய்ச்சல் பொய்யாகும், அம்மா பொய்க்காரி ஆவாள், எங்க கிட்ட மறைச்சுட்டீங்களே என்று பூபதி ஒரு வார்த்தை கேட்டால் போதும், தமயந்தி செத்துப்போவாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, ஜவுளிக்கடைக்கு ஞாயிறு கிடையாது, பூபதி போய்விட்டான், திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கும் வசு வருகிற நாள், நாலு பேர் கண்ணுக்குத் தப்பிய ஓட்டையை அவள் ஒருத்தி கண் பிடித்துவிடும் என்று கம்பெனியில் பேர், காலையிலேயே சென்னியப்பன் கலவரமாகிவிட்டார், வசு நல்ல பெண், அவருக்குப் பிடித்த பெண், இரண்டு பேரும் பஸ் பாஷையில் பேசிக்கொள்வார்கள், அவர் விரலைக் காட்டி எத்தனை தோசை என்பார், அவள் மூன்று என்பாள், அவர் வெறுங்கையால் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பது போலக் கொடுப்பார், ஆனால் தான் போடுகிற சத்தம் தனக்கே தெரியாத ஒருத்தியை எப்படி அமைதியாக இருக்கச் சொல்வது, பதினொன்றரை மணிக்குக் கதவு படார் என்று திறந்தது, பை தொப்பென்று விழுந்தது, செருப்பு ஒன்று சுவரில் போய் மோதியது, வசு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உள்ளே வந்தாள், சென்னியப்பன் வாயைப் பொத்திக்கொண்டு மெத்தையைப் பார்த்தார், தமயந்தியும் அடுப்படியிலிருந்து ஓடி வந்து மெத்தையைப் பார்த்தாள், பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள், சென்னியப்பன் அப்பாடா என்று மேலே பார்த்துக் கும்பிட்டார், தமயந்தி கும்பிடவில்லை, எதையும் மறைக்க முடியாத கண்ணோடு வசு அப்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாப்பாவைப் பார்க்கத்தான் திருப்பூரிலிருந்து வந்தவள் பாப்பாவைப் பார்க்காமல் அக்கா முகத்தைப் பார்த்தாள்.

அக்காவை அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போனாள் வசு, குழந்தைக்கு என்ன என்று கையால் கேட்டாள், ஒன்றுமில்லை என்றாள் தமயந்தி, பொய் என்றாள் வசு, அந்த வீட்டில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த பழைய தறிவீட்டுச் சைகையில், கேட்கிறதா, என்று காதைத் தொட்டு விரலை விரித்தாள், தமயந்தி பால் போசி மூடியை வெறுமனே துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள், பிறகு தெரியாது என்று தலையை அசைத்தாள், அவ்வளவுதான், ஐந்து மாதம் உடைந்துவிட்டது, கையில் மூடி இருந்ததால் ஒரு கையாலேயே எல்லாவற்றையும் சொன்னாள், மிஷின், ஒரு மாதம், பட்டுச்சேலை, காய்ச்சல், அப்புறம் நிறுத்தமாட்டாமல் அந்தப் பதினெட்டு நாளையும் சொன்னாள், தகரத்தை அடித்ததை, உனக்குக் கேட்கவில்லை என்று உனக்கு முன்னால் எனக்குத் தெரியும் என்பதை, நான் சொல்லியிருந்தால் உனக்குப் பேச்சு வந்திருக்கும் என்பதை, வசு எதற்கும் முகம் மாறாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள், அப்போது உனக்கு ஏழு வயது, இப்போது எத்தனை. தமயந்தி மூக்கை உறிஞ்சினாள், விறுவிறுவென்று ஹாலுக்குப் போனாள், மெத்தைக்கு நாலடி தள்ளி நின்று மூடியைத் தலைக்கு மேல் தூக்கினாள், போட்டுவிடலாம், இப்போதே தெரிந்துவிடட்டும், ஜன்னலோரம் நாளிதழைச் சத்தமில்லாமல் மடித்துக்கொண்டிருந்த சென்னியப்பன் திடுக்கிட்டு எழுந்து, அம்மிணி, என்ன பண்ற என்று வாயசைத்தார், அவள் விரல்கள் பிரிந்தன, மூடி கீழே வரவில்லை, பின்னால் வந்த வசு அதை எட்டிப் பிடித்துவிட்டாள்.

தரையில் போடாதே என்றாள் வசு, மூடியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, உள்ளங்கையால் தரையைத் தடவிக் காட்டினாள், தரை பொய் சொல்லும், நான் தறி நின்றால் விழித்தேன், நீங்கள் எல்லாரும் எனக்குக் கேட்கிறது என்றீர்கள், கேட்கவில்லை, தொட்டில் நின்றது, அதனால் விழித்தேன், இது தரையில் விழுந்தால் மெத்தை அதிரும், நான்கூட எழுந்துவிடுவேன், காற்றில் வருகிற சத்தமாக வேண்டும், தரைக்குத் தெரியாத சத்தமாக வேண்டும். தமயந்தி அப்படியே நின்றாள், அம்மாவும் அப்பாவும் பட்டறைப் பெண்களும் பால்வாடிக்கு முந்தைய அத்தனை பேரும் செய்த தப்பை அவள் இப்போது நாலடி தூரத்தில் நின்று மறுபடி செய்ய இருந்தாள், சென்னியப்பன் இந்தக் கையையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், யாராவது எனக்கும் சொன்னாப் பரவாயில்லை என்று கிசுகிசுத்தார்.

தமயந்தி பீரோவுக்குப் போனாள், பட்டுக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள், மாமா, பாப்பாவுக்குக் காது கேக்குதான்னு எனக்குத் தெரியலைங்க, ஆஸ்பத்திரியில மறுபடி வரச் சொன்னாங்க, நான் போகலை, வசுவுக்குக் காய்ச்சல்லாம் வரலைங்க மாமா, பொறவியிலயேதான், எங்கம்மா சொன்னது பொய்யிங்க, என்று கிசுகிசுப்பாக அல்ல, சாதாரணக் குரலில் சொன்னாள், அந்த வீட்டில் ஐந்து மாதத்துக்குப் பிறகு பகலில் கேட்ட முதல் சாதாரணக் குரல் அது, சென்னியப்பன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சீட்டைப் படித்தார், தேதியைப் படித்தார், மறுபடி தேதியைப் படித்தார், அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், அவர் சீட்டை மடித்தார், காய்ச்சல் கதைய நான் அன்னிக்கே நம்பலை அம்மிணி, டிக்கெட் எடுக்காம இருக்கப் பத்து வயசுப் பையனை மடியில உக்காத்தி வெச்சுக்கிட்டு, மூணு வயசுதானுங்க ஆச்சுன்னு சொல்ற அம்மாக்கள் மூஞ்சி எனக்குத் தெரியாதா, உங்கம்மா மூஞ்சி அப்படித்தான் இருந்துச்சு, புள்ளைக்காகச் சொல்ற பொய்யி, அதுக்கு நான் என்னிக்கும் யாரையும் எறக்கி விட்டதில்லை என்றார், பிறகு குரல் உடைந்து, ஏங் கண்ணு, இதை இத்தனை நாளா ஒத்தையாவா தூக்கிட்டுத் திரிஞ்ச, நான் ஒரு கூறுகெட்டவன், சத்தமில்லாம இரு சத்தமில்லாம இருன்னு உன் வாயையும் சேர்த்து அடைச்சுப் போட்டனே என்றார், தமயந்தி அதற்குத்தான் அழுதாள், திட்டியிருந்தால் அழுதிருக்கமாட்டாள்.

காற்றில் வருகிற சத்தம் எது என்று அவர்தான் கண்டுபிடித்தார், கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, ஓய்வு பெற்ற அன்று பையைத் திருப்பிக் கொடுத்தவர் விசிலைக் கொடுக்கவில்லை, சாவிக்கொத்தோடு சேர்த்துக் கலகலக்காமல் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார், அதை அவிழ்த்தார், வசு பொறுப்பை எடுத்துக்கொண்டாள், ஜன்னல் திரையை இழுத்து மூடினாள், ஃபேனை நிறுத்தினாள், மாமாவைத் தோளைப் பிடித்து அழைத்துப்போய்ச் சமையலறை வாசலில் நிறுத்தி, காலை அசைக்கக்கூடாது என்று காட்டினாள், பின் மெத்தைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டாள், தரை பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும், ம், ஊதுங்கள் என்று தலையசைத்தாள், தமயந்தி மூடியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள், பாப்பாவின் மூடிய இமைக்குள் கண்மணி மெல்ல உருண்டது, ஏதோ கனவு, சென்னியப்பன் விசிலை வாயில் வைத்தார், வெறும் காற்றுதான் வந்தது, என் கையாலயே எழுப்போணுமா என்று ஒரு தடவை கேட்டார், வேட்டி முனையால் விசிலைத் துடைத்தார், கண்ணை மூடிக்கொண்டார், பஸ் நிறைய ஆள் நிற்கும்போது, படியில் கடைசி ஆளும் ஏறியாகிவிட்டது என்று டிரைவருக்குச் சொல்ல ஊதுவது போல, நெஞ்சு நிறைய இழுத்து, இரண்டு விசில் ஊதினார்.

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது, இரண்டு கைகளும் உயர்ந்து பத்து விரலும் விரிந்தன, முகம் சுருங்கிச் சிவந்தது, வாய் திறந்தது, அந்த ஒரு நொடி சத்தமே இல்லாமல் திறந்தே இருந்தது, பின் வந்தது அழுகை, சுவரெல்லாம் மோதித் திரும்புகிற அழுகை, பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற அழுகை, தமயந்தி மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாய்ந்து பாப்பாவை வாரி எடுத்தாள், சிரித்தாள், ஈரமும் எச்சிலுமாக அந்தக் காது இரண்டிலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள், கேட்டுருச்சுங்க மாமா, கேட்டுருச்சு, என்று கத்தினாள், நிமிர்ந்தவள் தங்கையைப் பார்த்தாள், வசுவின் உள்ளங்கை இன்னும் தரையில் இருந்தது, விசிலோ அழுகையோ எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை, அவள் பாப்பாவையும் பார்க்கவில்லை, ஆரம்பத்திலிருந்து அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கேதான் அவள் எல்லாவற்றையும் கேட்டாள், தமயந்திக்குத் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, உன்னைப் போல இல்லை, உன்னைப் போல இல்லை என்றுதானே இந்த முகம் இவ்வளவு நேரம் கூத்தாடியிருக்கிறது, ஐந்து மாதமாக எதற்குச் செத்துச் செத்துப் பிழைத்தோமோ அது இதோ சம்மணம் போட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறது, திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறது. வசு தரையிலிருந்து கையை எடுத்தாள், நெஞ்சில் தட்டினாள், தறி ஓடுகிறது, என்றாள், அப்புறம் உதட்டைப் பிதுக்கி, பாப்பாவைக் காட்டி, கன்னத்தில் கைவைத்துத் தலையைச் சாய்த்து, பாவம், என்னை மாதிரி நன்றாகத் தூங்கமாட்டாள், என்றாள், சொல்லிவிட்டுத் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், தமயந்தி குனிந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள், காலையில் சூடு பட்ட இடம் எரிந்தது.

விசில் ஊதினதெல்லாம் டாக்டர் ஆகாதுங்க மாமா, நாளைக்கு மிஷின்ல வெச்சுப் பார்த்துறோணும், நீங்களும் வாங்க, என்று மூக்கடைத்த குரலில் தமயந்தி சொல்லும்போது, காலைல மொத பஸ்ஸுக்கே போலாம், ரைட், என்று முழுத் தொண்டையில் சென்னியப்பன் சொன்னார், சொன்ன வேகத்தில் தன் குரலுக்குத் தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டார், அந்த நேரத்தில் அவள் கக்கத்திலிருந்து மூடி நழுவியது, ஐந்து மாதப் பழக்கம் லேசில் விடுமா, மனிதர் இரண்டே எட்டில் வந்து கையை நீட்டிவிட்டார், விடுங்க மாமா, விழுந்தா விழுகட்டும், என்றாள் தமயந்தி, அவர் கையை இழுத்துக்கொண்டார், மூடி விழுந்தது, ணங்கென்று விழுந்து, விளிம்பில் எழுந்து நின்று, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் உருண்டு, சாக்ஸ் போட்ட நாற்காலிக் காலைச் சுற்றி, கணகணவென்று ஆடி ஆடித் தரையெல்லாம் அதிர அடங்கிக்கொண்டிருந்தது, பாப்பா அழுகையை நிறுத்தினாள், தாயின் தோளிலிருந்து அவளும் தரையிலிருந்து வசுவும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி, அது எங்கே போகிறது என்று பார்த்தார்கள்.